ரின்பால் தேத்தண்ணி

ஜெர்மனிக்கு வந்த நாள் முதல் எனக்காக வாய் திறப்பவர் என் கணவர் நித்தியானந்தன்தான். எசன் நகரில் டொக்டர், கந்தோர் என்று முன்கூட்டி நேரம் குறித்த எந்த டெர்மினுக்குப் போனாலும், "நீர் சும்மா இரும், நான் கதைக்கிறன்" என்பார். நானும் சும்மா இருந்தே நூற்று முப்பது கிலோவுக்கு வந்துவிட்டேன்.

2006இல் இரண்டு முழங்காலும் மக்கர் பண்ண, உடம்பைக் குறைக்கும் சத்திரசிகிச்சைக்கு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கேயும் இவர்தான் முன்னால் நடந்தார். டொக்டர் இரண்டு வழிகளைப் படம் கீறிக் காட்டினார். ஒன்று, இரைப்பையின் மேற்பக்கத்தைச் சுற்றிப் பட்டி போடுவது. கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறையும், வேண்டாவிட்டால் கழற்றலாம். ஆனால் இனிப்பாக எதையும் குடித்தால் அது பட்டியைத் தாண்டி வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். மற்றது பைபாஸ். இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு பொருத்துவார்கள். வாழ்நாள் முழுக்க விற்றமின் குளிசை, இனிப்பு உள்ளே போனால் தலைசுற்று.

கழற்றலாம் என்ற சொல்லை இவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பயம்தான், பாவம்.

நான் இனிப்புச் சாப்பிடுவேனா என்று டொக்டர் கேட்டார். தொடவே மாட்டாள் என்று இவர் மார்தட்டாத குறையாகச் சொன்னார். பொய்யில்லை. எங்கள் ஆட்களுக்கு இனிப்பு என்றால் லட்டும் தொதலும்தான், அவற்றை நான் கலியாண வீட்டில்கூடத் தொடுவதில்லை. ரின்னில் வரும் சீனி போட்ட கட்டிப்பாலை ஊற்றிக் கலக்கும் ரின்பால் தேத்தண்ணியை இனிப்பு என்று யார் சொன்னது? என் கோப்பையோ ஒருநாளும் காய்ந்ததில்லை.

அப்படியென்றால் பட்டியே போதும் என்று டொக்டர் பேனையை எடுத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெட்டப்போவது என் வயிற்றை. ஜெர்மன் இலக்கணத்தை அடித்து நொறுக்கிக்கொண்டு நானே சொன்னேன். நாள் முழுக்கக் குடிப்பது ரின்பால் தேத்தண்ணி, பட்டி அதை மறிக்காது, எனக்குப் பைபாஸ்தான் வேண்டும். டொக்டர் கதிரையை என் பக்கம் திருப்பினார். அதன்பிறகு கேள்வியெல்லாம் என்னிடம்தான். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

வீடு திரும்பும் டிராமில் இவர் மெல்லக் கேட்டார். "அதைக் கழட்ட ஏலாதெல்லோ, புஸ்பம்?"

"ஓம், தெரியும். என்ரை வயித்தைப் பற்றி எனக்குத்தானே தெரியும்."

அடுத்த வருசம் வுப்பர்டாலில் ஒரு கலியாணம். மண்டபப் படிகளில் மூச்சு வாங்காமல் ஏறினேன். றோசம்மா அக்கா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வழக்கம்போல இவரிடம்தான் கேட்டார், என்ன ஒப்பரேசன் செய்தது என்று.

இவர் வாயைத் திறந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அவவையே கேளுங்கோ அக்கா. டொக்டருக்கே அவதான் சொன்னவ."