பின்னச்சின் முனகல்

லாரி மேட்டில் ஏறும்போது, பக்கத்தில் இருந்த மனைவி பின்னால் என்னவோ முனகுகிறது என்றாள். டிரைவருக்குச் சிரிப்பு வந்தது. இந்த வண்டியின் ஒவ்வொரு சத்தமும் அவருக்கு அத்துப்படி. பின்சக்கரங்களை இணைக்கும் பின்னச்சின் நடுவே குண்டாகத் தொங்கும் டிஃபரன்ஷியலுக்கு எப்போதெல்லாம் ஆயில் மாற்ற வேண்டும் என்று புது டிரைவர்கள் கேட்டால், கிலோமீட்டர் கணக்கெல்லாம் எதற்கு, ஆயில் கெட்டால் அதுவே அழும், அன்றைக்கு மாற்று என்பார். அவர் வண்டி அழுது வெகுகாலம் ஆகியிருந்தது. அதில் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. மனைவியும் இப்போதெல்லாம் முன்போல் முணுமுணுப்பதில்லை. வயதானால் எல்லாம் தானாக அடங்கிவிடும் என்று நிம்மதியாக இருந்தார்.

மனைவியின் வற்புறுத்தலில் வண்டி மைத்துனனின் பட்டறைக்குள் நுழைந்ததுமே, சத்தத்தைக் கேட்டு அவன் கைவேலையைப் போட்டுவிட்டு வந்தான். பின்சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி, கியரில் போட்டு ஓடவிட்டான். அக்காவும் தம்பியும் ஒரேநேரத்தில் முகம் சுளித்தார்கள். டிரைவருக்கு ஒன்றுமே கேட்கவில்லை. இரண்டு பேரும் கூட்டுச் சேர்ந்து கேலி செய்கிறார்களோ என்று சந்தேகப்பட்டார். மைத்துனன் நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்றை எடுத்து, நுனியை அச்சின்மேல் ஊன்றி, கைப்பிடியை அவர் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் வைத்து அழுத்தினான்.

இப்போது அவருக்குக் கேட்டது. மெல்லிசாக, நீளமாக, மூச்சே விடாமல் ஓர் ஊளை. மண்டைக்குள்ளேயே யாரோ அழுவதுபோல் இருந்தது.

"காது எத்தனை நாளா மாமா இப்படி?"

காது போனால் லைசென்ஸ் போகும். வண்டி ஓட்டாமல் அவருக்கு வேறென்ன தெரியும்?

ஆயில் தார்போல் இறங்கியது. ஆயில் இறங்கும் துளையின் மூடியில் இருந்த காந்தத்தில் இரும்புத்தூள் அப்பியிருந்தது. கூட்டைத் திறந்து மைத்துனன் துடைத்துக் காட்டியபோது, எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு பல்சக்கரம், வளைந்து வளைந்து போகும் பற்களோடு பளபளத்தது. அவன் ஒரு சக்கரத்தை முன்னால் உருட்டினான். எதிர்ப்பக்கத்துச் சக்கரம், யாரும் தொடாமல், பின்னால் உருண்டது. வளைவுகளில் ஒரு சக்கரம் நிதானிக்க மற்றது முந்திக்கொள்ள இதுதான் வழிவிடுகிறது என்றான். எத்தனை வளைவுகள், எத்தனை மலைகள்! தன்னால்தான் வண்டி ஒழுங்காகத் திரும்புகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தவருக்கு, அதைக் கையெடுத்துக் கும்பிடலாம்போல் இருந்தது.

"பல்லு தப்பிச்சிருச்சு மாமா. இனிமே அது அழட்டும்னு காத்திருக்காதீங்க. கிலோமீட்டர் பார்த்து மாத்துங்க. காதையும் டாக்டர்கிட்ட காட்டணும்."

தலையாட்டியவருக்கு என்னவோ உறைத்தது. மெதுவாக மனைவி பக்கம் திரும்பினார்.

"நீ முணுமுணுக்கிறத விட்டுட்டேன்னுல்ல நெனச்சேன்?"

"நான் எங்க விட்டேன்?" என்றாள் அவள், பட்டறைக்கே கேட்கும்படி.

மைத்துனன் வேறு பக்கம் திரும்பிப் புது ஆயிலை ஊற்றத் தொடங்கினான். டிரைவர் ஸ்க்ரூடிரைவரைத் துடைத்தார். அதன் நுனியில் துணியைச் சுற்றினார். கைப்பிடியைக் காதெலும்பில் வைத்துக்கொண்டு, துணி சுற்றிய முனையை அவளிடம் நீட்டினார். அவள் தம்பியின் முதுகை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு தாடையை அதில் பதித்து, வாய் திறக்காமல், முணுமுணுக்க ஆரம்பித்தாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.