கனமில்லாத கத்தி

என் புருஷன் ஜோசப்ராஜுக்கு எதையும் பார்த்துப் பொறுக்கி வாங்கிப் பழக்கம் கிடையாது. கிடைத்த வேலையைச் செய்வார், போட்டதைச் சாப்பிடுவார், கிறிஸ்துமஸுக்கு நான் எடுத்துக் கொடுக்கிற சட்டையை மறுபேச்சில்லாமல் மாட்டிக்கொள்வார். என்னைக்கூட அவருடைய அக்காதான் பார்த்து முடிவு செய்தாள். அப்படிப்பட்ட மனுஷன் ஆயுளில் ஒரே ஒரு பொருளைக் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கினார். அது ஒரு மடக்குக் கத்தி. எங்கள் வாயில் மண் விழுந்தது அதனால்தான்.

அப்போது நாங்கள் அண்ணனூரில் ரயில் ஷெட்டுக்குப் பின்னால் வாடகைக்கு இருந்தோம். எண்பத்தெட்டோ எண்பத்தொன்பதோ இருக்கும். இவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் மோட்டார் பம்பு செய்கிற ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை. டெம்பரவரிதான். சில மாதத்துக்கு ஒருமுறை நிறுத்துவார்கள், கொஞ்ச நாள் வீட்டில் உட்கார வைத்துவிட்டுப் புது ஆள் மாதிரி மறுபடி சேர்ப்பார்கள். தொடர்ந்து வேலை பார்த்தேன் என்று எவனும் சட்டம் பேசிவிடக் கூடாதாம். கல்யாணமானதிலிருந்து இந்தக் கூத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வருஷம் பேக்கிங்கில் சிலரை பர்மனெண்ட் ஆக்கப் போகிறார்கள் என்று பேச்சு எழுந்தது. இவர் பெயரும் அடிபட்டது. அதன் பிறகு இவர் தெருவில் உரக்கச் சிரிக்கக்கூடப் பயந்தார்.

பேக்கிங் வேலைக்குக் கத்தி இல்லாமல் முடியாது. பம்பைப் பெட்டியில் வைத்துச் சாக்கு சுற்றிச் சணல் கட்ட வேண்டும், மிச்சத்தை அறுக்க வேண்டும். நாள் முழுக்க அறுப்புதான். கம்பெனி கொடுத்திருந்த கத்தி ஸ்டோர் ரூம் பீரோவுக்குள் பத்திரமாகத் தூங்கியது. கையெழுத்துப் போட்டு எடுக்கிறவன் தலையில்தான் அது தொலைந்தால் விடியும் என்பதால் யாரும் அதன் பக்கம் போவதில்லை. மெஷின் ஷாப்பில் இரும்பு அறுத்து ஒடிந்துபோன ஆக்ஸா பிளேடு துண்டுகளை எடுத்துத் தரையில் தேய்த்துக் கூராக்கி, பிடிக்குச் சணலைச் சுற்றிக்கொண்டு எல்லோரும் வேலையை ஓட்டினார்கள். சாயங்காலம் அதை மேஜைக்கு அடியில் செருகிவிட்டுக் கையை வீசிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

அந்தக் கம்பெனியில் உள்ளே போகும்போது சோதனை கிடையாது, வெளியே வரும்போதுதான். சட்டைப் பையில் ஒரு நட்டு இருந்தாலும் திருடன் பட்டம். ஒருவன் மறந்துபோய் பிளேடு துண்டைச் சோற்றுப் பையோடு கொண்டு வந்து கேட்டில் மாட்டிக்கொண்டான். குப்பையில் போட்ட இரும்புக்காக அவன் வேலை போயிற்று. அதைப் பார்த்ததிலிருந்து இவர் தினமும் தன் சோற்றுப் பையை உதறிப் பார்த்துவிட்டுத்தான் கேட்டுக்கு வந்தார். ஃபோர்மேன் பார்த்தசாரதியிடம் போய் நின்றிருக்கிறார். அவர்தான் சொன்னார்.

“சொந்தமா ஒரு கத்தி வாங்கி வச்சுக்கோயேன். உன் பொருள்னு ஆயிட்டா எவன் உன்னைத் திருடன்னு சொல்லப் போறான்?”

அந்தப் பேச்சு இவருக்கு வேதவாக்காகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் என்னையும் குழந்தையையும் ஆவடிக்கு அழைத்துக்கொண்டு போனார். ஏதோ துணிமணி என்று நினைத்து நானும் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு போனேன். மார்க்கெட்டில் இரும்புக் கடை, பாத்திரக் கடை, ஸ்டேஷன் வாசலில் சாக்கு விரித்தவன் என்று ஒன்று விடவில்லை. மாட்டுக்கொம்புப் பிடி போட்ட பெரிய கத்தியைக் கையில் தூக்கிப் பார்த்து, சட்டைப் பை கிழிந்துவிடும் என்று வைத்துவிட்டார். ஸ்பூன், பாட்டில் திறப்பான் எல்லாம் மடங்கி இருந்த ஒன்றை, கல்யாணச் சீர் மாதிரி இருக்கிறது, இது எனக்கெதற்கு என்று ஒதுக்கினார். மீன் மாதிரி செய்த தகரக் கத்தி மலிவுதான், ஆனால் முனையை அழுத்தினால் வளைந்தது. ஒரு கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, பொத்தானைத் தட்டினால் படக்கென்று திறக்கிற கத்தியை எடுத்து வைத்தார். இவர் அதைத் தொடக்கூட இல்லை. அது ரௌடிகள் வைத்திருப்பது, நான் வேலைக்குப் போகிறவன் என்றார்.

கடைசியில் ஜம்புலிங்கம் என்பவர் கடையில் அது கிடைத்தது. மெல்லிசான எவர்சில்வர் பிடி, விரல் நீளத்துக்குக் கத்தி, நகம் வைத்து இழுக்க ஒரு சின்னப் பள்ளம். விலையும் கையைக் கடிக்கவில்லை. இவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு குனிந்தார், நிமிர்ந்தார், கடை வாசலில் கொஞ்ச தூரம் நடந்து பார்த்தார். பை தொங்கவே இல்லை. கடைக்காரரிடம் சணல் கேட்டு வாங்கி அறுத்துப் பார்த்தார். பிறகு மடக்கிக் குழந்தை கையில் கொடுத்து அவளால் திறக்க முடிகிறதா என்று சோதித்தார். அவளால் முடியவில்லை. சட்டையை ஆணியில் மாட்டினாலும் பிள்ளை கைக்குப் பயமில்லை என்று அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட இந்த மனுஷன் இவ்வளவு நேரம் பார்க்கவில்லை என்று நான் சொன்னதற்குக் கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

மறுநாள் காலை கேட்டில் இருந்த பழைய வாட்ச்மேனிடம் கத்தியைக் காட்டி, இது என்னுடையது, தினமும் கொண்டு வந்து கொண்டு போவேன் என்று சொல்லியிருக்கிறார். அவரும் தலையாட்டினார். குடை, டிபன் கேரியர், எதுவானாலும் அந்த கேட்டில் அப்படித்தான் நடைமுறை. மற்றவர்கள் மாதிரி மேஜைக்கு அடியில் வைத்துவிட்டு வந்திருந்தால் தொல்லை இல்லை. ஆனால் இவர் கணக்கு வேறு. உள்ளேயே கிடந்தால் அது கம்பெனிப் பொருள் ஆகிவிடும், பிறகு ஒருநாள் எடுத்து வந்தால் திருட்டு என்பார்கள் என்று நினைத்தார். திருடன் என்ற பேச்சுக்குப் பயந்து பயந்தே இந்த மனுஷன் வேறு பக்கம் பார்க்க மறந்துவிட்டார்.

சில மாதம் எல்லாம் நன்றாகவே போயிற்று. ரயிலில் பக்கத்து சீட்டுக்காரனுக்குக் கொய்யா நறுக்கிக் கொடுத்தார், எனக்கு முருங்கைக்காய் நறுக்கிக் கொடுத்தார். பார்த்தசாரதிகூட பார்சல் பிரிக்க வாங்கிப் போய்த் திருப்பித் தருவார் என்று பெருமையாகச் சொன்னார். அப்போதுதான் எஸ்டேட்டில் வேறொரு கம்பெனியில் போனஸ் தகராறு முற்றி, யாரோ ஒரு அதிகாரியைக் குத்திவிட்டார்கள். எல்லா முதலாளிகளும் மிரண்டு போனார்கள். இவர் கம்பெனியில் பழைய வாட்ச்மேனை அனுப்பிவிட்டு, தொப்பி போட்ட புது செக்யூரிட்டி ஆட்களை நிறுத்தினார்கள். உள்ளே போகிறவனையும் தடவிப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

முதல் நாளே இவர் சிக்கினார். சிக்கினார் என்று சொல்வதுகூடத் தப்பு. கையைத் தூக்கிக்கொண்டு நின்றவர், பையில் என் கத்தி இருக்கிறது என்று தானே சொல்லியிருக்கிறார். அப்படியே ஓரமாக உட்கார வைத்து, மத்தியானம் வெளியே அனுப்பிவிட்டார்கள். கத்தி அவர்களிடமே தங்கிவிட்டது.

விசாரணை வைத்தார்கள். பாரிமுனையிலிருந்து ஒரு வக்கீல் வந்து மாடி அறையில் உட்கார்ந்தாராம். அன்று சாயங்காலம் இவர் வீட்டுக்கு வந்து, எல்லாக் கேள்விக்கும் தயங்காமல் பதில் சொன்னேன் என்று ஒவ்வொன்றாக ஒப்பித்தார்.

“மத்த கத்தியெல்லாம் இருக்க, மடக்குற கத்தி எதுக்கு வாங்கினேன்னு கேட்டாரு. பையில வச்சா குத்தாது சார்னேன். வெளியில தெரியுமான்னாரு. தெரியவே தெரியாது சார், வெயிட்டே இல்ல, வச்சுகினு இருக்கறதே நமக்கு மறந்துபூடும்னேன். நல்லா அறுக்குமான்னாரு. தொட்டா போதும் சார்னேன்.”

கடைக்காரன் தன் சரக்கைப் புகழ்வது மாதிரி புகழ்ந்துவிட்டு வந்திருக்கிறார். வாழ்க்கையில் தானாகப் பார்த்து வாங்கிய ஒரே பொருளைப் பற்றி ஒரு படித்தவர் மெனக்கெட்டுக் கேட்கிறார் என்றதும் மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. எதிரில் இருந்தவர் ஒவ்வொரு வார்த்தையையும் டைப் அடிக்க வைத்துக் கீழே கையெழுத்து வாங்கிக்கொண்டார். பிளேடு துண்டு வைத்திருந்தவர்களுக்கு ஒரு கேள்வியும் இல்லை. அது வேலைச் சாமானாம். காசு கொடுத்து வாங்கிய கத்தி ஆயுதமாம்.

பார்த்தசாரதியையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். மடக்குக் கத்தி வாங்கச் சொல்லி நான் சொல்லவே இல்லை என்றார். பொய் என்று அவர் சட்டையைப் பிடிக்கவும் முடியாது. கத்தி என்றுதான் சொன்னார், மடக்குக் கத்தி என்று சொல்லவில்லை. இப்படிப்பட்டவர்களுக்குச் சாமி நல்ல ஞாபக சக்தியைக் கொடுத்து வைத்திருக்கிறது.

அதோடு விட்டாரா? இவரை டீக்கடைக்கு அழைத்துப் போய்த் தோளில் கை போட்டு, ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடு, மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றிருக்கிறார். அந்தக் கம்பெனியில் எதற்கெடுத்தாலும் மன்னிப்புக் கடிதம்தான். லேட்டாக வந்தாலும், எதிர்த்துப் பேசினாலும், பெட்டி கீழே விழுந்தாலும் ஒரு வெள்ளைத் தாளில், இனிமேல் இப்படிச் செய்ய மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். எழுதாத ஆளே பேக்கிங்கில் கிடையாது. நான் வேண்டாம் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். தப்பு செய்யாதவன் எதற்கு எழுத வேண்டும் என்று சண்டை போட்டேன்.

“எல்லாரும் எழுதறதுதான் சௌந்தரி. இன்னா ஆவப்போவுது? பர்மனெண்ட் லிஸ்ட் வர்ற நேரம், நாம முறைச்சுகினு நிக்கக் கூடாது.”

எழுதினார். ஆயுதம் கொண்டு வந்தது என் குற்றம், மன்னிக்க வேண்டும் என்று பார்த்தசாரதி சொல்லச் சொல்ல எழுதினார். அடுத்த வாரமே கம்பெனி இவரை நிரந்தரமாக நீக்கியது. குற்றத்தை நீயே ஒப்புக்கொண்டுவிட்டாய், இனி என்ன பேச்சு என்றார்கள். லேபர் கோர்ட்டுக்குப் போகலாமா என்று நான் ஒரு வக்கீலிடம் கேட்டேன். அந்தக் கடிதத்தின் நகலைப் படித்துவிட்டு அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். வேறு ஏதாவது வேலை பார்க்கச் சொல்லம்மா என்றார்.

இவர் வேலப்பன்சாவடி பக்கம் ஒரு குடோனில் லாரிக்கு மூட்டை ஏற்றப் போனார். முதுகு பிடித்துக்கொண்டு வருவார், தைலம் தேய்த்துவிடுவேன். குழந்தையைக் கான்வென்ட்டில் சேர்க்கும் பேச்சை அதன் பிறகு நாங்கள் இருவரும் எடுக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இவரோடு பேக்கிங்கில் இருந்த துலுக்கானம் ஸ்வீட் பொட்டலத்தோடு வந்தார். நல்ல மனுஷன், இவருக்குப் பழைய கூட்டாளி. பர்மனெண்ட் ஆர்டர் வந்துவிட்டதாம். அதைச் சொல்வதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது. இவர் எழுந்து அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். எனக்கு அந்தப் பெருந்தன்மை வரவில்லை. டீ போட்டுக் கொடுத்துவிட்டு, எங்கள் கத்தியையாவது அந்த உத்தமர்களிடமிருந்து வாங்கித் தர முடியுமா என்று கேட்டேன். துலுக்கானம் டம்ளரைக் கீழே வைத்தார்.

“சொல்லவேணாம்னுதான் வந்தேன் அண்ணி. அந்தக் கத்தி இப்ப பேக்கிங்லதான் கீது. பார்த்தசாரதி சார்தான் ஆபீஸ்லருந்து எடுத்துகினு வந்து குடுத்தாரு. அத்த வச்சுதான் எல்லாரும் சணல் அறுக்கறோம்.”

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

“அப்ப கத்திய பர்மனெண்ட் ஆக்கிட்டாங்கன்னு சொல்லுங்க” என்றேன்.

இவர் ஒரு வார்த்தை திட்டுவார், அந்தப் பொட்டலத்தையாவது எடுத்து வாசலில் வீசுவார் என்று நான் காத்திருந்தேன். ஒரே ஒரு தடவை அந்த மனுஷன் கோபப்பட்டுப் பார்த்தால் போதும், மீதி ஆயுசை ஓட்டிவிடுவேன் என்று இருந்தது. இவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். முகத்தில் எத்தனையோ மாதமாக நான் பார்க்காத ஒரு வெளிச்சம்.

“எப்டி அறுக்குது மச்சான்?”

“ஷோக்கா அறுக்குது ஜோசப்பு.”

“பின்ன? ஆவடி பூரா அலைஞ்சு வாங்கினதாச்சே. ஈரச் சாக்க அறுத்தா மட்டும் தொடச்சுட்டு ரெண்டு சொட்டு எண்ண உடச் சொல்லு. துருப்புடிச்சா மடங்காது.”