பெண் பார்க்க வந்த ஞாயிறு

"தலப் பக்கம் நீ புடி சந்திரா" என்றார் சித்தப்பா துளசிங்கம். சந்திரமோகன் குனிந்து அப்பாவின் தோள்களுக்கு அடியில் கை கொடுத்தான். நான்கு பேர் சேர்ந்து ஜெகநாதனை ஐஸ் பெட்டிக்குள் இறக்கினார்கள். சட்டைப் பட்டன் ஒன்று கழன்று, நடு நெஞ்சில் ஓடிய ஆபரேஷன் தழும்பு தெரிந்தது. இன்னும் சிவப்பு மாறவில்லை. சந்திரமோகன் அவசரமாகப் பட்டனைப் போட்டான்.

"பெரிய ஆஸ்பத்திரின்னு பேரு. அறுத்து ஒரு மாசம் ஆவல, ஆள அனுப்பிட்டானுங்க" என்றார் துளசிங்கம்.

சந்திரமோகன் தலையாட்டினான். காலையிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் இதைத்தான் சொன்னார்கள். எல்லோருக்கும் தலையாட்டியிருந்தான்.

சென்னையில் பைபாஸ் முடிந்த மூன்றாம் நாள் ஜெகநாதனின் இதயத் துடிப்பு தாறுமாறாக ஓடியது. டாக்டர் அதை அடக்கிவிட்டு, வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு மாத்திரையைத் தனியாக எடுத்துக் காட்டினார். "துடிப்பு மறுபடி தப்பாம இருக்கத்தான் இது. கொஞ்சம் அசதியா இருக்கும். நீங்களா நிறுத்திடாதீங்க."

அசதிதான். திருத்தணிக்கும் பள்ளிப்பட்டுக்கும் முப்பது வருஷம் பஸ் ஓட்டிய மனுஷன், நாற்காலியில் வாய் திறந்தபடி தூங்கி வழிந்தார். சந்திரமோகனின் மகள் யுவஸ்ரீயை ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை அவன் சொன்னான். "நைனா, அவங்க வந்து போற வரைக்கும் அந்த மாத்திரய உட்டுடு. சீக்காளி வூடு மாதிரி தெரியக் கூடாது."

ஜெகநாதன் மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரிடா" என்றார்.

ஞாயிறன்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டாரிடம் தமிழும் தெலுங்குமாகச் சிரித்துப் பேசினார். அவர்களுடைய கார் தெருமுனை திரும்பிய பிறகுதான் சுவரைப் பிடித்தார்.

"காலையில இருந்தே நெஞ்சு குதிச்சிகினு கீது. அவங்க எதிர்ல எப்டி சொல்றது?"

ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்கூடத் தாங்கவில்லை.

திங்களன்று ஐஸ் பெட்டி வைத்த சற்று நேரத்தில் சென்னையிலிருந்து தங்கை சுதா வந்து சேர்ந்தாள். ஆஸ்பத்திரியில் அப்பாவோடு கூடவே இருந்தவள் அவள். அழுது ஓய்ந்து, அண்ணனிடம் வந்தாள்.

"அண்ணா, அந்த மாத்திரய ஒரு வேளகூட உடாம குடுத்தியா?"

வெள்ளிக்கிழமை அவன் பேசியபோது பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தவள் அம்மா மணியம்மை. இப்போது ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் இருந்தவள், நிமிராமலே சொன்னாள்.

"ஆங். வேள தப்பாம குடுத்தான்."

சுதா அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீ நல்லாத்தாண்ணா பாத்துகின." அவன் கையை உருவிக்கொள்ளவும் முடியாமல், கொடுத்துக்கொண்டு நிற்கவும் முடியாமல் தரையைப் பார்த்தான்.

மதியம் குளிப்பாட்டி முடித்ததும் துளசிங்கம் வாய்க்கரிசித் தட்டை நீட்டினார். "புள்ள மொதல்ல போடு."

அள்ளிய அரிசி விரலிடுக்கில் சிந்தியது. கை பாதியில் நின்றுவிட்டது. பின்னால் உறவுக்காரர்கள் காத்திருந்தார்கள்.

மணியம்மை எழுந்து வந்தாள். மகனின் மணிக்கட்டைப் பிடித்து, மெல்ல அப்பாவின் உதட்டருகே கொண்டுபோனாள். அவன் முகத்தை மட்டும் அவள் பார்க்கவில்லை.