சூடம் விற்ற கடை

முகத்துவாரக்குப்பத்தில் அன்று ஒரு படகும் கடலுக்குப் போகவில்லை. குப்பத்தில் சாவு விழுந்தால், பிணம் எடுக்கும்வரை வலை இறங்காது. விடியற்காலையில் சுப்புராயன் செத்திருந்தான். தெருமுனையில் ரெஜியின் மளிகைக்கடை மட்டும் திறந்திருந்தது.

நாகர்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். ஜெபக்கூட்டம் தவறாது. கல்லாவில் உட்கார்ந்திருந்த அண்ணன் ஜெபின் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்: "மேளமும் சூடமும் உள்ள எடத்துல நமக்கென்ன சோலி? நீ போவண்டாம்."

ரெஜி போகவில்லை. ஆனால் போன வருஷம் தன் மனைவி ஷிஜி செத்த நாள் கண்ணிலேயே நின்றது. அன்றும் படகுகள் இப்படித்தான் மணலில் கிடந்தன. "மீன்பாடு நல்லா இருக்கே, நீங்க போங்க. நாங்க வேற மதந்தானே" என்று ரெஜி சொன்னதற்குச் சுப்புராயன் முறைத்தான்.

"இன்னா பேசற நைனா? தங்கச்சி எங்ககூடத்தான தண்ணி புட்ச்சுது? அது வூட்ல கெடக்க சொல்ல, கடல்ல எங்களுக்கு இன்னா வேல?"

ஜெபப்பாட்டு ஒன்றும் புரியாமல், தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சுப்புராயன் அன்று கல்லறைவரை வந்தான்.

இப்போது சுப்புராயனின் மகன் வெற்றி கடைக்கு வந்தான். கண் வீங்கியிருந்தது.

"ரெஜிண்ணே, பாடை கெளம்பப் போவுது. சூடம் ஒரு பாக்கெட்."

ரெஜி எடுத்துக் கொடுத்தான். 'நீ வர்லியா' என்று வெற்றி கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

வெற்றி போனதும் ரெஜி ஜெபின் பக்கம் திரும்பினான். "சூடம் விக்க மட்டும் விசுவாசம் தடுக்கல்ல, என்னண்ணே?" கடையை மூட எழுந்து ஷட்டரைப் பிடித்தான்.

"லேய், அவங்க சாமிய கும்பிடப் போறியா?"

"இல்ல. கூட நிக்கப் போறேன்."

அவன் போய்ச் சேர்வதற்குள் பாடை போய்விட்டது. மேளம் தூரத்தில் கேட்டது. சுப்புராயனின் மனைவி கோவிந்தம்மா வாசலில் தலைவிரிகோலமாகக் கிடந்தாள். யாரோ ஒருத்தி ரெஜியிடம் விபூதித் தட்டை நீட்டினாள். கோவிந்தம்மா கையை நீட்டித் தடுத்தாள்.

"தம்பிக்கு வாணாம். அது சாமிய அது கும்புட்டுக்கும்."

பிறகு அவனை நிமிர்ந்து பார்த்தாள். "காத்தாலேர்ந்து உன் கடை தொறந்தே கெடந்துச்சு, தம்பி."

ரெஜி மணலில் முழங்காலிட்டு, தனக்குத் தெரிந்த ஜெபத்தைச் சொன்னான். அதைக் கேட்கச் சுப்புராயன் அங்கே இல்லை.

திரும்பியபோது ஜெபின் மூடிய கடை வாசலில் நின்றுகொண்டிருந்தான். "தீந்துதா ஒன் பக்தி?"

"என் ஏசுவ நான் விடல்ல, விடவும் மாட்டேன். அடுத்தவன் சாமிய நாம கும்பிடண்டாம் அண்ணே. ஆனா அடுத்தவன் வீட்டுச் சாவுக்கு நம்ம பொழப்ப நிறுத்த இந்தக் குப்பத்துக்காரங்ககிட்ட படிச்சிருக்கணும். நான் படிச்சு முடிச்சப்போ பாடை போயிட்டு."