இறங்கக் கூடாத அலைவரிசை

கரை நிலையத்தின் ரேடியோ அறையில் ஸ்பீக்கர் செத்துக் கிடந்தது. இரைச்சல்கூட இல்லை. ஆன்டெனாதான் காலை வாரிவிட்டது என்று ஆபரேட்டர் அண்ணன் கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினார். அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

புயல் திசை மாறி, ஒரு சரக்குக் கப்பலின் பாதைக்குக் குறுக்கே வந்துகொண்டிருந்தது. பொழுது சாய்வதற்குள் கப்பல் திரும்பியாக வேண்டும். அதன் செயற்கைக்கோள் போன் முந்தாநாளே படுத்துவிட்டது. மிச்சமிருந்தது சிற்றலை ரேடியோ ஒன்றுதான். அங்கே ஹெட்போனை மாட்டி உட்கார்ந்திருப்பவர் அவளுடைய அக்கா புருஷன்.

வானத்து உச்சியில் இருக்கும் அயனி மண்டலம் எந்த நேரத்தில் எந்த அலையைத் திருப்பி அனுப்பும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு, கப்பல்களுக்கு அட்டவணை கொடுப்பது அவள் வேலை. அதன் அடியில், ‘கேட்கவில்லையென்றால் அலைவரிசையில் ஒரு படி கீழே இறங்கு’ என்று அவளே எழுதியிருந்தாள். அண்ணன் அதன்படிதான் இறங்கிக்கொண்டே வந்திருந்தார்.

அவள் சூரியனைக் கண்காணிக்கும் திரையைத் திறந்தாள். கோடு செங்குத்தாக ஏறி நின்றது. சூரியன் பொங்கியிருக்கிறது. அந்த மண்டலத்தின் அடிப்பகுதி தடித்து, கீழ் அலைகளையெல்லாம் விழுங்கிக்கொண்டிருக்கிறது. அவளுடைய கணக்கோ மாதச் சராசரி. இன்றைய சூரியனை அதற்குத் தெரியாது. மேல் அலைவரிசையில்தான் குரல் பிழைத்துப் போகும். ஆனால் அத்தான் அட்டவணையை நம்பி அடியில் காது வைத்திருப்பார்.

மேலே ஏறச் சொன்னாள்.

“அங்க கேக்க யாரும்மா இருக்கா?” என்றார் அண்ணன்.

“யாராவது இருப்பாங்கண்ணே. பக்கத்துல போற கப்பல் போதும்.”

அவர் ஏற்றினார். அவள் தொண்டை கட்டும்வரை கூப்பிட்டாள். கடைசியில், கிணற்றடியிலிருந்து வருவதுபோல், ஒரு மீன்பிடிக் கப்பல்காரர் குரல் கொடுத்தார். சரக்குக் கப்பல் தன் கண்ணுக்குத் தெரிகிறதென்றார். அவ்வளவு கிட்டத்தில் பேசக் குட்டி ரேடியோ போதும், அதன் அலை வானத்தில் பட்டுத் திரும்ப வேண்டியதில்லை. புயல் செய்தியைச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று போனார்.

திரும்பி வந்தபோது எரிச்சலாக இருந்தார். அந்த ரேடியோக்காரர் நம்ப மாட்டேன் என்கிறாராம். கரையிலிருந்து செய்தி வந்தால் தன் அட்டவணைப்படிதான் வரும், நீ யார் நடுவில் என்று சண்டைக்கு வந்தாராம்.

“அட்டவணை தப்புன்னு சொல்லுங்க. அத எழுதின மச்சினிச்சியே சொல்றான்னு சொல்லுங்க. இப்பத் திரும்பலன்னா அக்காவுக்கு நான் என்னன்னு பதில் சொல்றதுன்னு கேளுங்க.”

மறுபடி ஸ்பீக்கர் அடங்கியது. அண்ணன் கேபிளைத் தொடவில்லை.

“திரும்புதும்மா,” என்றது குரல். “கப்பலோட பக்கவாட்டு தெரியுது.”

அவள் மூச்சு விட்டாள். அட்டவணை வாங்கிய மற்ற கப்பல்களும் இந்நேரம் ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருக்கும்.

“அண்ணே, உங்க பக்கத்துல அடுத்த கப்பல் எங்க இருக்கு?” என்று மீன்பிடிக் கப்பல்காரரிடம் கேட்க மைக்கை அழுத்தினாள்.