பூசைக் குரல்

என் மனுசன் ஜெரிசன் குருநகர்க் கோயிலில் ஞாயிறு பூசைக்கு பைபிள் வாசகம் வாசிப்பவர். அதற்கென்று ஒரு குரல் வைத்திருக்கிறார். மெல்ல, இழுத்து, சொல் சொல்லாக வரும். வீட்டிலோ, கடலில் இஞ்சின் சத்தத்துக்கு மேலால் கத்திப் பழகிய தொண்டை. சோறு கேட்டால் அடுத்த ஒழுங்கைக்கும் கேட்கும்.

பொலிஸ் நிலையத்தில் ஒலிவாங்கிக்கு முன் இருந்துகொண்டு அந்தப் பூசைக் குரலையே எடுத்து விட்டார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

மீன்பிடி முதலாளி செபநாயகம் சம்மாட்டியின் வள்ளத்தை எரிப்பேன் என்று யாரோ போனில் வெருட்டி, அது எரிந்தும் போய்விட்டது. அழைப்பு வந்தது ஜெரிசனின் போனிலிருந்து. சம்மாட்டியின் போனில் அந்தப் பேச்சு பதிவாகியிருந்தது. குரல் ஒத்துப்போனால் சிறை, இல்லாவிட்டால் வீடு.

"உப்பிடி வாசிச்சா ஒப்பிட்டுப் பாக்க ஏலாது அக்கா," என்றாள் கொழும்பிலிருந்து வந்த குரல் ஆய்வாளர் தக்சாயினி. "வீட்டில கதைக்கிற மாதிரிக் கதைக்கவேணும். நீங்கள் கொஞ்சம் கதை குடுத்துப் பாருங்கோ."

கேட்கவா வேண்டும்?

"உங்களுக்கென்ன விசரே? பிள்ளையளை நடுத்தெருவில விடப்போறீங்களோ? வாயைத் திறந்து கதையுங்கோ!"

"அமைதியாய் இரு, ஜெனிற்றா," என்றார். அமைதியாம்! அந்தச் சொல் எங்கள் வீட்டுக்குள் வந்ததே இல்லை.

"அப்ப நீங்கள்தான் எரிச்சனீங்களோ?"

அவர் நிலத்தைப் பார்த்தார்.

தக்சாயினி சம்மாட்டியின் பதிவைப் போட்டாள். "வள்ளம் கரையில கிடந்தால் சாம்பல்தான், சொல்லிப்போட்டன்."

பேசுமுன் மூக்கால் ஓர் இழுப்பு. தடிமன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சின்ன வயதிலிருந்தே அந்த இழுப்பு. நான் தூக்கி வளர்த்த என் தம்பி றொகான்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. போனை வாங்கிப் போனது யாரென்று இந்த மனுசனுக்குத் தெரியும். தன் குரல் இல்லையென்று முடிவானால், போன் யார் கையில் இருந்தது என்று கேட்பார்கள். எனக்காகத்தான் தன் குரலை ஒளித்திருக்கிறார். கட்டிப்பிடித்து அழவேண்டும்போல இருந்தது. கன்னத்தில் ஒன்று போடவேண்டும்போலவும் இருந்தது.

"தெரிஞ்ச குரலோ அக்கா?"

ஜெரிசன் என்னைப் பார்த்து வேண்டாமென்று தலையை ஆட்டினார்.

"ஓம் தங்கச்சி," என்றேன். "அது என்ரை தம்பி றொகான்."

"எடியேய்! உனக்கென்ன விசரே? அவன் உன்ரை தம்பியடி!"

வெளியே நின்ற பொலிஸ்காரர் ஓடிவந்து எட்டிப் பார்த்தார். ஒலிவாங்கியின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தக்சாயினி அதை நிறுத்தவில்லை.

"இன்னும் கத்துங்கோ," என்றேன் அழுதுகொண்டே. "நல்லாக் கத்துங்கோ."