குளியலறையில் ஒரு மூச்சு

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பார்கள். ரெஜினாவின் வீட்டில் அது தானாகப் புகவில்லை. தம்பி ஜெபின்தான் விடிந்ததும் விடியாததுமாக, நனைந்த சாக்கில் கட்டி, கடலூரிலிருந்து மந்தாரக்குப்பம்வரை பைக்கில் கொண்டுவந்து குளியலறையில் போட்டான்.

"செத்ததுதாங்க்கா. எறா வலையில மாட்டிக்கிச்சு. ஹார்பர்ல செக்கிங். சாயங்காலம் கறிக்கு ஆளு வரும், அதுவரைக்கும் கெடக்கட்டும்."

கூடப்பிறந்தவனிடம் முடியாது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. கணவன் சைமன்ராஜ் மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் போயிருந்தான். கடலாமையை வைத்திருப்பதே குற்றம்; கேஸ் என்று வந்தால் அவனுடைய கேட் பாஸைப் பிடுங்கிக்கொள்வார்கள். அந்தப் பயத்தில் குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டாள்.

அப்போது குளியலறைக்குள் யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

ரெஜினா ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டே கதவைத் தள்ளினாள். சாக்கு அசைந்தது. கட்டை அவிழ்த்தாள். ஆமையின் தலை மெல்ல உயர்ந்து, வாய் திறந்து, இன்னொரு மூச்சு. கண்ணிலிருந்து நீர் வடிந்துகொண்டிருந்தது.

ஜெபினுக்குப் போன் போட்டாள். "டேய், உசுரோட இருக்குடா."

"வலைக்குள்ள மூச்சு முட்டுனா செத்தமாதிரி கெடக்கும். சில நேரம் முழிச்சுக்கும்." அவனுக்கு இது தெரிந்தே இருந்திருக்கிறது. "மண்டையில அம்மிக் குழவியப் போடு. மாட்டுனா வருஷக்கணக்குல உள்ள கெடக்கணுங்க்கா."

குழவியை எடுத்தும் வந்தாள். ஓங்க முடியவில்லை.

"உள்ள யாரு?" வாசலில் வீட்டுக்காரம்மா கஸ்தூரியம்மாள்.

"தம்பிங்க. மூச்சு வாங்குது."

"வீசிங்கா? அதுக்கு ஏன் பாத்ரூம்ல ஒக்காந்துகினு இருக்கான்?" என்றபடியே வந்து எட்டிப் பார்த்துவிட்டாள்.

இன்றைக்கே காலி பண்ணு என்பாள் என்று ரெஜினா நினைத்தாள். கஸ்தூரியம்மாளோ முகம் வெளுத்துப்போய், அவள் கையிலிருந்த குழவியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"புகுந்ததே போதும். இது என் வூட்டுல செத்துச்சுன்னா அந்தப் பழி ஏழு தலைமுறைக்கும் வுடாது. உசுரோட வெளிய போவணும். ஃபாரஸ்ட்காரங்களுக்கு நீ போன் போடுறியா, நான் போடவா?"

ரெஜினாவே போட்டாள். ஈரத்துணி போர்த்துங்க, கவுக்காதீங்க, வண்டி வருது என்று எதிர்முனையில் நிதானமாகச் சொன்னார்கள். பிறகு, "யாரும்மா கொண்டாந்தது?"

அவள் ஒரு துணியை நனைத்து ஆமைமேல் போர்த்தினாள்.

"சொல்லலேன்னா, வீடு யார் பொறுப்புல இருக்கோ அவங்க மேலதாம்மா கேஸ்."

வாடகைக்கு எடுத்தது சைமன்ராஜ் பேரில். ஒரு பக்கம் தாலி கட்டியவன், ஒரு பக்கம் இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. காலடியில் ஆமை மறுபடி மூச்சு விட்டது.

"ஜெபின்," என்றாள். "என் தம்பி."

போனை வைத்ததும் அது அடித்தது.

"முடிச்சிட்டியாக்கா?" என்று கேட்டான் ஜெபின்.

"முடிச்சிட்டேன்டா," என்றாள்.